சிறு தீவுகளும் ஊரின் வயதுக் கணக்கும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

 

குடியேற்றமும் ஊரின் மக்கள்தொகையும் என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். உங்கள் ஊரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று கேட்டால், ஊராட்சித் தலைவர்கள் உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணுக்குள் குழந்தைகள் எத்தனை பேர், உழைக்கும் வயதினர் எத்தனை பேர், முதியோர் எத்தனை பேர், வெளியூர் சென்று திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், விடை சொல்லச் சற்று நேரமாகும். ஆனால் ஊரின் எதிர்காலம் இந்த இரண்டாவது கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

இதனை விளக்குவதற்கு உங்களைச் சில சிறு தீவுகளுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பெரிய நாட்டில் ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போவதும் மற்றொரு குடும்பம் வந்து சேர்வதும் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நாற்பது பேர் வாழும் தீவில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் படகேறினால், எட்டில் ஒரு பங்கு ஊர் போய்விட்டது என்று பொருள். பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள். படகு தள்ள ஆள் குறையும். நம் ஊர்களில் முப்பது ஆண்டுகளில் மெல்ல நடப்பதைச் சிறு தீவுகளில் சில ஆண்டுகளிலேயே காணலாம். ஆகவே தீவுகளை நமக்கு வாய்த்த பாடப் புத்தகங்கள் என்றே கொள்ளலாம்.

கோபுரமும் பம்பரமும்

முதலில் வயதுக் கணக்கு என்றால் என்னவென்று பார்ப்போம். நூறு பேர் வாழும் இரண்டு ஊர்களை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். முதல் ஊரில் குழந்தைகளும் சிறுவர்களும் 35 பேர். உழைக்கும் வயதினர் 50 பேர். முதியோர் 15 பேர். இரண்டாவது ஊரில் குழந்தைகளும் சிறுவர்களும் 8 பேர். உழைக்கும் வயதினர் 37 பேர். முதியோர் 55 பேர். இரண்டு ஊர்களும் அரசாங்கப் பதிவேட்டில் ஒன்றுபோலவே 100 என்று எழுதப்பட்டிருக்கும். ஆயினும் இவை இரண்டும் ஒன்றல்ல.

முதல் ஊரைப் படமாக வரைந்தால் அடி அகன்று மேலே குறுகிச் செல்லும். அது கோயில் கோபுரம் போன்றது. இரண்டாவது ஊர் அடி குறுகி மேலே அகன்றிருக்கும். அது பம்பரம் போன்றது. பம்பரம் சுழலும் வரையில் நேராகத்தான் நிற்கும். வேகம் குறைந்தவுடன் சாய்ந்துவிடும். முதியோர் மிகுந்த ஊரும் அத்தகையதே. நடமாட்டம் உள்ள வரையில் ஊர் நன்றாக இருப்பது போலவே தோன்றும். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து அந்த 8 பிள்ளைகளே ஊரைத் தாங்க வேண்டியிருக்கும். அவர்களில் பாதிப் பேர் படிப்புக்கும் வேலைக்கும் வெளியேறினால் எஞ்சுவோர் நான்கு பேர். நான்கு பேரைக் கொண்டு ஏரிக்கரையைக் காக்க இயலுமா? அறுவடை செய்ய இயலுமா? கோயில் தேரை இழுக்கத்தான் இயலுமா?

இந்தக் கணக்கு ஏட்டுக் கணக்கன்று. இது மெய்யாகவே நடந்த ஒரு தீவின் வரலாற்றைச் சொல்கிறேன்.

செயின்ட் கில்டா: காலியான தீவு

ஸ்காட்லாந்தின் மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலில் செயின்ட் கில்டா என்னும் தீவுக் கூட்டம் உள்ளது. அதில் மக்கள் வாழ்ந்த தீவு ஹிர்ட்டா. அருகில் மக்கள் வாழும் தீவுகளுக்குச் செல்ல 60 கிலோமீட்டருக்கு மேல் கடலைக் கடக்க வேண்டும். 1697-ஆம் ஆண்டில் மார்ட்டின் மார்ட்டின் என்பவர் அங்கே சென்றபோது ஏறத்தாழ 180 பேர் வாழ்ந்தனர். அவர்கள் ஆடு வளர்த்தனர். சிறிது தானியம் பயிரிட்டனர். செங்குத்தான பாறைகளில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் கொண்டு வந்தனர். பறவைகளின் இறகும் எண்ணெயும் அவர்கள் செலுத்திய குத்தகைக்கு உதவின. காலையில் ஆடவர் அனைவரும் தெருவில் கூடி, அன்றைய வேலை என்னவென்று பேசி முடிவு செய்வது அவர்கள் வழக்கம். அதனை அவர்களுடைய பாராளுமன்றம் என்று வெளியார் அழைத்தனர். நம் கிராம சபையை ஒத்த ஏற்பாடு என்று அதனைக் கூறலாம்.

இவ்வளவு ஒற்றுமையாக வாழ்ந்த ஊர் எவ்வாறு அழிந்தது? மூன்று துளைகளின் வழியாக அதன் மக்கள்வளம் ஒழுகிப் போயிற்று.

முதல் துளை தொட்டிலில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அத்தீவில் பிறந்த குழந்தைகளில் மிகப் பலர் பிறந்த சில நாட்களிலேயே ரணஜன்னி கண்டு இறந்தனர். தொப்புள்கொடியை அறுத்துப் பேணுவதில் தூய்மை இல்லாததே இதற்குக் காரணம் என்று பிற்காலத்தில் கருதப்பட்டது. அங்கே பணிபுரிந்த ஆங்கஸ் ஃபிட்டஸ் என்னும் பாதிரியார் நகரத்திற்குச் சென்று நோய்க்கிருமி நீக்கும் முறையைக் கற்று வந்தார். அதன் பின்னர், 1890-களில் இச்சாவுகள் நின்றன. ஆனால் அதற்குள் பல தலைமுறைகளின் அடித்தளம் அரிக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது துளை வெளியேற்றம். 1852-ஆம் ஆண்டில் 36 பேர் ஒரே சமயத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். அவர்களில் பலர் வழியிலேயே நோயுற்று இறந்தனர். நூறு பேர் அளவே வாழ்ந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனது பேரிழப்பாயிற்று. முதல் உலகப் போரின்போது அங்கே கடற்படையினர் தங்கினர். வெளியுலகத் தொடர்பு பெருகியது. கூலிக்கு வேலை செய்து பணம் பெறும் வாழ்க்கையை இளைஞர்கள் கண்டறிந்தனர். போர் முடிந்தபின் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினர். 1920-ஆம் ஆண்டில் 73 பேராக இருந்த மக்கள் 1928-ஆம் ஆண்டில் 37 பேராகக் குறைந்தனர்.

மூன்றாவது துளை எதிர்பாராத இழப்பு. 1926-ஆம் ஆண்டில் காய்ச்சலால் நான்கு ஆடவர் இறந்தனர். பெரிய ஊரில் நான்கு பேர் மறைவது துயரம். ஆயினும் ஊர் நடக்கும். வலுவுள்ள ஆடவர் சிலரே வாழும் தீவில் நான்கு பேர் மறைந்தால், படகு ஓட்டுவதும் பாறையில் இறங்குவதும் நின்று போகும். அதே பத்தாண்டில் பயிரும் பலமுறை பொய்த்தது.

1930-ஆம் ஆண்டு மே மாதத்தில் தீவினர் அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினர். தங்களில் ஆடவர் சிலர் வேலை தேடிப் போக முடிவு செய்துவிட்டனர் என்றும், அவர்கள் போனபின் எஞ்சியோர் அங்கே வாழ இயலாது என்றும், தங்கள் அனைவரையும் வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்றும் அதில் வேண்டினர். அவ்வாண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் 36 பேரும் ஹேர்பெல் என்னும் கப்பலில் ஏறித் தீவை விட்டு நீங்கினர். புறப்படும் முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விவிலிய நூலையும் சிறிது ஓட்ஸ் தானியத்தையும் வைத்துவிட்டுச் சென்றனர் என்பது வரலாறு. மரமே இல்லாத தீவில் வாழ்ந்த அவர்களில் பலருக்குப் பிரதான நிலத்தில் வனத்துறையில் வேலை கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த 36 பேரும் பட்டினியால் துரத்தப்படவில்லை. பகைவரால் விரட்டப்படவும் இல்லை. உழைக்கும் வயதினர் இன்னும் சிலர் போய்விட்டால் ஊர் நில்லாது என்பதே அவர்கள் கண்ட கணக்கு. எல்லை எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் மிகத் தெளிவாக உணர்ந்திருந்தனர். ஆனால் உணர்ந்த காலம் தாமதமான காலம்.

எக் தீவு: மீண்டும் நிமிர்ந்த ஊர்

அதே ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் எக் என்றொரு தீவு இருக்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 7,500 ஏக்கர். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே 500 பேர் அளவில் வாழ்ந்தனர். உருளைக்கிழங்கும் ஓட்ஸும் பயிரிட்டு, மாடு வளர்த்து வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆனால் நிலம் அவர்களுடையதன்று. தீவு முழுவதும் ஒரு நிலவுடைமையாளருக்கே சொந்தமாக இருந்தது. 1853-ஆம் ஆண்டில் கிரூலின் என்னும் பகுதியில் வாழ்ந்த குடிகள் ஆட்டுப் பண்ணைக்காக வெளியேற்றப்பட்டனர். அவ்வூரின் இடிந்த வீடுகளை இன்றும் காணலாம்.

நிலவுடைமையாளர்கள் மாறினர், தீவு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு விற்கப்பட்டது, குடிகளின் நிலை மாறவில்லை. வீட்டுக்கு உறுதியான குத்தகைச் சீட்டு இல்லாதவன் கூரையைப் புதுப்பிப்பானா? அடுத்த ஆண்டு இருப்போமா என்று அறியாதவன் மரம் நடுவானா? தொழில் தொடங்குவானா? இளைஞர்கள் வெளியேறினர். 1990-களில் தீவின் மக்கள் 60-க்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கைக்கு வந்துவிட்டனர்.

செயின்ட் கில்டா மக்கள் தீவை விட்டுச் செல்ல விண்ணப்பம் எழுதினர் என்று கண்டோம். எக் தீவினர் தீவைத் தாங்களே வாங்க முடிவு செய்தனர். தீவின் குடிகள் சங்கம், ஹைலண்ட் வட்டார மன்றம், ஸ்காட்லாந்து வனவிலங்கு அறக்கட்டளை ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு பொது அறக்கட்டளையை அமைத்தன. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. தீவைக் கண்ணாலும் காணாத ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினர். 15 இலட்சம் பவுன் விலை கொடுத்து, 1997-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் தீவு அறக்கட்டளையின் உடைமையாயிற்று.

வாங்கிய பின் அவர்கள் செய்த வேலைகளின் வரிசையே நாம் கற்க வேண்டிய பாடம். முதலில் குடிகளுக்கு உறுதியான குத்தகைச் சீட்டு வழங்கினர். அடுத்து, பழுதடைந்த வீடுகளைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டனர். துறையருகே கடையும் அஞ்சலகமும் சிற்றுண்டிச் சாலையும் கொண்ட ஒரு கட்டடத்தை 1998-ஆம் ஆண்டில் திறந்தனர். முன்பு பெரிய படகு கடலில் நிற்க, பயணிகள் சிறு படகில் மாறி ஏறிக் கரை சேர வேண்டியிருந்தது. 2004-ஆம் ஆண்டில் புதிய துறை அமைந்ததும் அந்தத் தொல்லை நீங்கியது.

மின்சாரத்தின் கதை தனியே சொல்லத்தக்கது. பிரதான நிலத்திலிருந்து மின்கம்பி அங்கே செல்லவில்லை. வீட்டுக்கு வீடு டீசல் இயந்திரம் ஓடியது. 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் தீவினர் தங்கள் சொந்த மின்நிலையத்தைத் தொடங்கினர். ஓடை நீர், காற்று, சூரிய ஒளி ஆகிய மூன்றாலும் மின்சாரம் பெறுகிறார்கள். ஒரு வீடு ஒரே சமயத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் பயன்படுத்தக்கூடாது. தொழிலகத்துக்கு 10 கிலோவாட் என்பது வரம்பு. ஏழை, செல்வர் என்ற வேறுபாடு இதில் இல்லை. உற்பத்தி மிகும்போது அந்த மிகுதியைக் கொண்டு பொதுக் கட்டடங்களைச் சூடாக்குகின்றனர். குறையும்போது அனைவரும் சிக்கனம் பிடிக்கின்றனர்.

இவற்றின் பயன் மக்கள்தொகையில் தெரிந்தது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 67 பேர். 2011-இல் 83 பேர். பத்தாண்டில் கூடியவர்கள் 16 பேரே. சிறிய எண் என்று இகழ வேண்டாம். அது நூற்றுக்கு ஏறத்தாழ 24 விழுக்காட்டு வளர்ச்சி. அதே பத்தாண்டில் ஸ்காட்லாந்தின் மக்கள் வாழும் தீவுகள் அனைத்தும் சேர்ந்து 4 விழுக்காடே வளர்ந்தன. வந்தவர்களில் புதியவர்களும் உண்டு. அத்தீவிலேயே பிறந்து வளர்ந்து, வெளியே சென்று படித்துத் திரும்பி, வீடு கட்டிக்கொண்டவர்களும் உண்டு. தொடக்கப் பள்ளி தீவிலேயே நடக்கிறது. மேல் வகுப்புப் பிள்ளைகள் எதிர்க்கரையிலுள்ள மல்லேக் என்னும் ஊரின் பள்ளியில், வார நாட்களில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள்.

இலவச நிலம் மட்டும் போதுமா?

புதிய குடிகளை வரவழைக்க நிலம் தருவோம் என்றால் மக்கள் ஓடி வரமாட்டார்களா என்று சிலர் கேட்கலாம். பசிபிக் பெருங்கடலிலுள்ள பிட்கேர்ன் தீவு இதற்கு விடையளிக்கிறது. 1790-ஆம் ஆண்டில் பவுன்டி என்னும் கப்பலில் கிளர்ச்சி செய்த மாலுமிகளும் அவர்களுடன் தாகித்தி முதலிய தீவுகளிலிருந்து வந்தவர்களும் குடியேறிய இடம் அது. 1937-ஆம் ஆண்டில் அங்கே 233 பேர் வாழ்ந்தனர். பின்னர் வேலையும் படிப்பும் தேடிப் பலர் நியூசிலாந்துக்குச் சென்றனர். இப்போது வாழ்பவர்கள் ஐம்பது பேரைத் தாண்டமாட்டார்கள். அவர்களுள் முதியோரே மிகுதி.

குடியேற விரும்புவோருக்கு வீடு கட்ட நிலம் இலவசம் என்று தீவின் நிர்வாகம் அறிவித்தது. வந்தவர்கள் மிகச் சிலரே. அங்கே விமான நிலையம் இல்லை. அருகிலுள்ள மங்கரேவா தீவிலிருந்து கப்பலில் ஏறினால் ஒரு நாளுக்கு மேல் கடலில் செல்ல வேண்டும். பெரிய கப்பல் கரையை அணுக முடியாது. நீள்படகில் இறங்கியே கரை சேர வேண்டும். அவசர சிகிச்சைக்குக் கடல் கடந்து போக வேண்டும்.

மற்றொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2004-ஆம் ஆண்டில் சிறுமியருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் குறித்து அங்கே வழக்கு நடந்து, அத்தீவின் ஆடவர் ஆறு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை என்ற பெயர் எடுத்த ஊருக்கு எந்தத் தாய் தன் மகளை அழைத்துக்கொண்டு வருவாள்? நிலம் இலவசமாக இருக்கலாம். நம்பிக்கையை இலவசமாகக் கொடுக்கவோ வாங்கவோ இயலாது. பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றி வாழும் ஊரே வளரும் ஊர். ஊராட்சி மன்றத்தார் இதனை ஒழுக்கப் பிரச்சினை என்று மட்டும் கருதலாகாது. ஊரின் உயிர் பற்றிய பிரச்சினை இது.

பள்ளியைக் காத்த அமா

அடுத்து ஜப்பானுக்கு வருவோம். அந்நாட்டின் மேற்குக் கடலில் ஓக்கி என்னும் தீவுக் கூட்டம் இருக்கிறது. அதில் ஒரு தீவே ஓர் ஊராட்சியாக அமைந்துள்ளது. அதன் பெயர் அமா. 1950-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்த அவ்வூர், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 2,500 அளவுக்கு வந்துவிட்டது. பத்தில் நான்கு பேர் அளவுக்கு முதியோர். கடன் வேறு கழுத்தை நெரித்தது. அண்டை ஊராட்சிகளோடு இணைந்துவிடுவதா, தனித்து நிற்பதா என்ற கேள்வி எழுந்தது. தனித்தே நிற்பது என்று முடிவு செய்தனர்.

2002-ஆம் ஆண்டில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட யமவுச்சி மிச்சியோ முதலில் தம் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டார். அலுவலர்களும் அவ்வாறே குறைத்துக்கொண்டனர். அதனால் மிஞ்சிய பணம் குழந்தைகளுக்கும் குடியேறுவோருக்கும் ஊரின் தொழிலுக்கும் பயன்பட்டது. கடலில் கிடைக்கும் கணவாயும் சிப்பியும் தொலைவிலுள்ள நகரங்களுக்குச் சேர்வதற்குள் சுவை குன்றி விலை இழந்தன. சுவை கெடாமல் உறைய வைக்கும் புதிய இயந்திரத்தை ஊராட்சி நிறுவியது. மீனவரின் சரக்கு நேரே தலைநகருக்குச் சென்று நல்ல விலை பெற்றது. உள்ளூர் மாட்டிறைச்சிக்கும் தனிப்பெயர் உண்டாயிற்று. வேலை பிறந்தது, வேலை தேடி இளைஞர்களும் வந்தனர்.

இவற்றுள் மிக முக்கியமானது பள்ளியே. அமாவும் பக்கத்துத் தீவுகளும் சேர்ந்து அனுபவிக்கும் ஓக்கி டோசன் உயர்நிலைப் பள்ளியில் 2008-ஆம் ஆண்டில் 89 மாணவர்களே எஞ்சினர். பள்ளி மூடப்பட்டால் பதினைந்து வயதுப் பிள்ளைகள் அனைவரும் வெளியேற வேண்டும். பிள்ளையோடு குடும்பமும் போய்விடும். இதனை உணர்ந்த ஊரார், பள்ளியைச் சிறிதென்று கைவிடாமல், சிறப்புடையதாக மாற்றினர். தீவின் விவசாயமும் மீன்பிடித் தொழிலும் ஊர்ப் பிரச்சினைகளும் அங்கே பாடமாயின. 2010-ஆம் ஆண்டு முதல் நகரங்களிலிருந்து மாணவர்களை விடுதியில் தங்கிப் படிக்க அழைத்தனர். வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தீவில் ஒரு குடும்பம் பெற்றோர் போல் துணை நிற்கும். சில ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை இரட்டிப்பாயிற்று.

அமாவின் மக்கள்தொகை இதனால் பெருகிவிட்டதா? இல்லை. இன்றும் 2,300 அளவிலேயே நிற்கிறது. ஆனால் சரிவின் வேகம் தணிந்தது. வெளியிலிருந்து நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வந்து குடியேறினர். அடித்தட்டில் மீண்டும் குழந்தைகள் சேர்ந்தனர். ஊரின் மொத்த எண் கூடாவிட்டாலும் அதன் உருவம் மாறியது. இதுவே நான் வற்புறுத்த விரும்பும் செய்தி.

வருவோர் கேட்கும் ஐந்து கேள்விகள்

இத்தீவுகளை ஒருசேர நோக்கினால், சிறிய ஊருக்குக் குடிவர எண்ணும் இளங்குடும்பம் ஐந்து கேள்விகளைக் கேட்கிறது என்பது விளங்கும். குடியிருக்க உறுதியான வீடு உண்டா? வருமானத்துக்கு வழி உண்டா? பிள்ளைக்குப் பள்ளி உண்டா? நோய் வந்தால் மருத்துவரிடம் சேரப் பாதையும் வண்டியும் உண்டா? ஊர்க் கூட்டத்தில் எங்கள் சொல்லுக்கும் மதிப்பு உண்டா? இவற்றுள் ஒன்றுக்கு இல்லை என்று விடை வந்தாலும் அக்குடும்பம் தயங்கும். இரண்டுக்கு இல்லையென்றால் வேறு ஊரைப் பார்க்கும்.

குடிவருவோர்க்கும் கடமை உண்டு. சிறிய ஊரில் ஒருவர் ஒரு வேலை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிட முடியாது. கடை வைத்திருப்பவரே படகுக் கயிற்றையும் பிடிக்க வேண்டும். தபால் கொடுப்பவரே தீயணைக்கவும் ஓட வேண்டும். புயல் வந்தால் படகு வராது. இருப்பதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அமைதியான இடத்தில் ஓய்வாக இருக்கலாம் என்று மட்டும் எண்ணி வருபவரால் ஊருக்குப் பயனில்லை. அதுபோலவே, வந்தவரைப் பத்தாண்டு கழித்தும் வந்தேறி என்று ஒதுக்கும் ஊருக்கும் வளர்ச்சி இல்லை.

நம் ஊர்களின் கணக்கு

நண்பர்களே! நம் கிராமங்கள் தீவுகள் அல்ல. பேருந்து வருகிறது, மின்சாரம் வருகிறது. ஆயினும் தீவுகளின் கணக்கு நமக்கும் பொருந்தும் காலம் வந்துவிட்டது. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.8. ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்ப 2.1 வேண்டும் என்பது கணக்கு. சிறு குடும்பம் நாம் விரும்பி அடைந்த நன்மை. தாய்மாரின் உடல்நலமும் குழந்தைகளின் கல்வியும் அதனால் உயர்ந்துள்ளன. அதை மாற்ற வேண்டும் என்று நான் கூறவில்லை. பிறப்புக் குறைந்த ஊரில் இளைஞர் வெளியேற்றமும் சேர்ந்தால், பம்பரத்தின் முனை மேலும் கூர்மையாகும் என்பதையே கூறுகிறேன்.

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும். வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கும். திருவிழாவுக்கு ஊர் நிரம்பும். மறுவாரம் வயலில் களை எடுக்க ஆள் இராது. இந்நிலையில் பழைய எண்ணை நம்பித் திட்டம் தீட்டினால், பிள்ளைகள் இல்லாத தெருவில் வகுப்பறை எழும்பும். முதியோர் நிறைந்த தெருவில் நடக்கப் பாதை இராது.

ஆகவே, ஒவ்வோர் ஊராட்சியும் ஆண்டுக்கு ஒருமுறை தன் வயதுக் கணக்கைத் தானே எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வார்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருக்களில் வீடு வீடாகச் சென்றால், சில நாட்களில் வேலை முடியும். அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் உள்ள பதிவேடுகள் துணை செய்யும். ஐந்து வயதுக்கு உட்பட்டோர், ஆறு முதல் பதினேழு வரை, பதினெட்டு முதல் நாற்பது வரை, நாற்பத்தொன்று முதல் ஐம்பத்தொன்பது வரை, அறுபதுக்கு மேற்பட்டோர் என ஐந்து பிரிவுகள் போதும். ஆண், பெண் எனத் தனித்தனியே எழுதுங்கள். அதனோடு பூட்டிய வீடுகள் எத்தனை, தரிசாகக் கிடக்கும் நிலம் எவ்வளவு, வெளியூரில் வாழ்ந்தாலும் திரும்பி வர விரும்புவோர் எத்தனை பேர் என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இக்கணக்கைக் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். குழந்தைகள் குறைந்திருந்தால், பள்ளியை எவ்வாறு காப்பது என்று பேசுங்கள். பூட்டிய வீடுகள் மிகுந்திருந்தால், உரியவரின் இசைவுடன் வாடகைக்கு விட வழி உண்டா என்று பாருங்கள். இளைஞர் போய்விட்டனர் என்றால், அவர்களைக் குறை கூறுவதை விட்டு, எது இருந்தால் திரும்புவார்கள் என்று அவர்களையே கேளுங்கள். முதியோர் மிகுந்திருந்தால், அவர்களுக்கு மருந்தும் நடைபாதையும் துணையும் கிடைக்கச் செய்யுங்கள். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் எழுதப்படும் ஒவ்வொரு வேலைக்கும், இது எந்த வயதினருக்காக என்று ஒரு கேள்வி கேட்கப்படட்டும்.

செயின்ட் கில்டாவில் 36 பேர் இருந்தபோது கணக்குப் பார்த்தார்கள். அப்போது கப்பலை அழைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எக் தீவில் 60-க்கு மேற்பட்டோர் இருந்தபோதே விழித்துக்கொண்டார்கள், தீவையே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அமாவில் ஆயிரக்கணக்கானோர் இருந்தபோதே பள்ளியைக் காத்தார்கள். ஊரின் இளமையும் நிலைத்தது. எவ்வளவு முன்னதாகக் கணக்குப் பார்க்கிறோமோ அவ்வளவு வழிகள் நம் கையில் இருக்கும். நம் ஊர்களில் இன்னும் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் மக்கள் இருக்கிறார்கள். இதுவே தக்க காலம். அடுத்த கிராம சபைக்கு முன்பாக உங்கள் ஊரின் வயதுக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.